ஒன்றரை நாள்

கண்ணாடிக் குழாய்க்குள் தொங்கிய தசைத் துணுக்கு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

முயலின் ஆண்குறித் தசை, தீக்குச்சி அளவு. அது சுருங்கினால் பக்கத்துத் திரையில் கோடு ஏறும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம்.

விறைத்த உறுப்பு மணிக்கணக்கில் தளராமல் ஆளை வலியில் துடிக்கவைக்கும் நோய் ஒன்று இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஊசியில் சரியாகிவிடும். கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பிராணவாயு கிடைக்காமல் உள்ளே தசை செத்துப்போகும். அப்புறம் எந்த மருந்துக்கும் அசையாது; ஆண்மை அத்தோடு போய்விடும்.

அம்மாவிடம் ரத்த அழுத்த மருந்து என்று சொல்லிவைத்திருக்கிறேன். வேறென்ன சொல்வது? தனியாக இருக்கும் மகள் போயும் போயும் இதையா ஆராய்கிறாள் என்று அழுதே ஓய்ந்துவிடுவாள்.

மற்றவர்கள் பன்னிரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் முப்பத்தாறு மணி நேரம் பிராணவாயு இல்லாமல் கிடந்த தசையில்தான் மருந்தைச் சோதிப்பேன். நாலு வருஷமாக ஒன்றுகூட அசையவில்லை.

"அந்த வலியோட ஒன்றரை நாள் எவன்மா வீட்ல உட்காந்திருப்பான்?" என்றார் ஆய்வகத் தலைவர். "இன்னிக்கோட இதை விட்டுடு."

மருந்தை மூன்று சொட்டு விட்டேன்.

கோடு ஏறியது. கொஞ்சம்தான். ஆனாலும் இறங்காமல் நின்றது.

தலைவர் வந்து பார்த்தார். மற்றவர்களைக் கூப்பிட ஓடினார்.

நான் போனை எடுத்தேன். சொல்லவேண்டிய ஆள் ஒருவர்தான். விரல் அந்த எண்ணுக்கு மேலேயே நின்றது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், என் கணவர் வயிற்றுவலி என்று சொல்லி அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டார். நானும் நம்பி, வாசலில் வெந்நீர் வைத்துவிட்டு ஹாலில் படுத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து, உன்னைப் பிடிக்கவில்லை என்றார். அதையும் நம்பி விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வாஷிங்மெஷின் வாரண்டி அட்டையைத் தேடிப் பழைய ஃபைலைக் குடைந்தபோதுதான் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தது. அவர் பெயர். நோயின் பெயர். முப்பத்தாறு மணி நேரத் தாமதம் என்று ஒரு வரி.

என்னிடம் சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன்.

போனை வைத்துவிட்டேன். எனக்குத் தெரியும் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.