பாக்கி நூறு

மச்சான் தர வேண்டிய பாக்கி நூறு ரூபாய்.

பூமி குலுங்கிக் கட்டடம் விழுந்ததில் செத்துப்போன அவனை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்றே கொத்தனார் அதைச் சொன்னார். அவன் கணக்கில் இன்னும் நூறு நிற்கிறது என்றார்.

அழுதுகொண்டிருந்த வீடு சட்டென்று அடங்கியது. கூடப் பிறந்த தம்பியைப் பறிகொடுத்த பெண்டாட்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மனுஷனா இவன், செத்தவன்கிட்டப் போய் பாக்கி கேக்கிறான்" என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள்.

கொத்தனார் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து கண்ணும் மூடவில்லை.

சாரத்தில் நிற்கும்போது கால் பின்னியது. தூங்கி எழுந்த மூஞ்சியோடு வந்தால்தான் வேலை என்று மேஸ்திரி கீழே இறக்கிவிட்டார். வீட்டில் அடுப்பு ஒரு வேளைக்குச் சுருங்கியது.

அதனால்தான் இந்த மத்தியானம் ஆஸ்பத்திரியில், சன்னல் இல்லாத அறையில் படுத்திருக்கிறார். தூக்கத்தை அளக்கத் தலை முழுக்க ஒயர். மெஷின் பார்க்கும் பெண் ஒவ்வொன்றையும் பசை வைத்து ஒட்டினாள்.

"கலவை தண்ணியா இருக்கேம்மா. பூச்சு நிக்காது."

"அதெல்லாம் நிக்கும். நீங்க ஆடாம படுங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் போய்த் திரை முன்னால் உட்கார்ந்தாள். கொத்தனார் கண்ணை மூடினார். உடம்பு படுத்தாலும் மூளை படுக்கவில்லை என்று போன வாரமே டாக்டர் சொல்லியிருந்தார்.

வலது கை கட்டில் கம்பியைத் தட்டியது. டக், டக், டக். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்.

அவள் எழுந்து வந்தாள்.

"ஐயா, கை ஆடினா கோடெல்லாம் கலையுது. நிறுத்துங்க."

"நிறுத்தக் கூடாதும்மா. மேல இருக்கிறவங்களுக்குக் கேக்காமப் போயிடும்."

பிறகு, கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

கீழ்த்தளத்தில் பூச்சு வேலை. கட்டடம் விழுந்ததும் மச்சானும் அவரும் ஒரே இடுக்கில் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாயைப் பூச்சுக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தால் மேலே தேடுகிறவர்களுக்குக் கேட்கும். ஒருவர் தட்ட வேண்டும், ஒருவர் தூங்க வேண்டும். மச்சான் அவரிடம் ஐந்நூறு கடன் வாங்கியிருந்தான்.

"உங்க முறையையும் நானே தட்டறேன் மாமா. நீங்க தூங்குங்க. தடவைக்கு நூறு கழிச்சுக்குங்க" என்று இருட்டுக்குள் சிரித்தான்.

அப்படி நாலு தடவை அவரைத் தூங்க வைத்தான். அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவனைப் படுக்கச் சொன்னார்.

"எந்திரிச்சதும் அந்த நூறையும் கழிச்சிடறேன்னு சொல்லிட்டுத்தாம்மா படுத்தான்."

அந்தப் பெண் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

டக், டக், டக். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்.

நெஞ்சின் மேல் விரல்கள் ஒரு தரம் துடித்து அடங்கின.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், பார்க்க ஆளில்லாத திரையில், நெருக்கிக்கொண்டு ஓடிய கோடுகள் மெல்ல அகன்று படுத்தன. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

"கழிஞ்சுதுடா மச்சான்" என்று கொத்தனாரின் உதடு அசைந்தது. இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அது குறட்டையில் போய்விட்டது.