கொழும்புக் கடிதம்

“அந்த ஓடுகாலியத் தேடியா இன்ஸ்பெக்டர் ஐயா இவ்வளவு தூரம் வந்தீங்க?” பத்தினிப்பிள்ளை ஏளனமாகச் சிரித்தாள்.

மட்டக்களப்புக்கு றெயில் வந்த புதிது. இரண்டு வருஷத்துக்கு முன் காணாமல்போன அவள் புருஷன் வீரக்குட்டி, எவளோ ஒருத்தியோடு கொழும்புக்கு றெயிலேறிவிட்டான் என்று செட்டிபாளையமே சிரித்தது. அவளும் அவன் பெயரைக் கேட்டாலே காறித் துப்பினாள்.

“கடிதம் ஏதும் வந்ததா?”

“ஒண்டே ஒண்டு. எழுதத் தெரியாதவன், ஆரையோ பிடிச்சு எழுதுவிச்சிருக்கான். ‘கொழும்பில சுகமா இருக்கன், வட்டை வயலைத் தம்பி செய்யட்டும்’ எண்டு. பொஞ்சாதிக்கு ஒரு சொல்லில்ல. வெக்கங்கெட்டவன்!”

“அண்ணன்ட குணம் அப்பிடித்தான் ஐயா” என்றான் முற்றத்தில் நின்ற கொழுந்தன் இளையதம்பி.

அவள் கடிதத்தை எடுத்துவந்து எறியாத குறையாக நீட்டினாள். இன்ஸ்பெக்டர் அதைப் பிரிக்கவில்லை. உறையை மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“கொழும்பில போட்டிருந்தா, முத்திரைக்கு மேல கொழும்புத் தபால்கந்தோர்ச் சீல் இருக்கோணும். இதில இருக்கிறது மட்டக்களப்புச் சீல். இஞ்ச இருந்த ஆரோதான் போட்டிருக்காங்க.”

இளையதம்பி படலை வாசல் பக்கம் நழுவினான். வெளியே நின்ற பொலிஸ்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு செப்பு மோதிரத்தை எடுத்தார். “நேத்து வாவிக்கரைக் கண்டல் காட்டுக்குள்ள ஒரு எலும்புக்கூடு எடுத்தம். விரலில இது கிடந்தது.”

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். கலியாணத்தில் அவளே அவன் விரலில் போட்டுவிட்ட மோதிரம்.

“அப்ப ஐயா... அவர் என்னை விட்டுட்டுப் போகல்லையா?”