எட்டுக் குத்தம்

"உங்க பள்ளிக்கூடத்து மேல மொட்டைக் கடுதாசி வந்திருக்கு" என்றார் ஸ்கூல் இன்ஸ்பெக்டர், சைக்கிளை விட்டு இறங்காமலே.

அற்புதம்மாள் கையிலிருந்த சாக்கட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"வரட்டும் சார். அதுக்காவது நீங்க வந்தீங்களே."

பின்னே சொல்லாமல் என்ன செய்வாள்? அங்கீகாரம் கேட்டு ரெண்டு வருஷத்தில் நாலு விண்ணப்பம் போட்டாயிற்று. எல்லாம் கிணற்றில் போட்ட கல். எவனோ பேர் போடாமல் ஒரு கடுதாசி எழுதினால் மட்டும் நாலாம் நாள் சைக்கிள் வாசலில் நிற்கிறது. நல்ல சர்க்கார்.

திருச்சியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினாலு வருஷம் டீச்சராக இருந்தவள் அவள். அங்கே சேரிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு தண்ணீர்ப் பானை. ஏசுசாமி பேரைச் சொல்லிக்கொண்டு இது என்ன கூத்து என்று கேட்டாள். ஊர் வழக்கம் என்றார்கள். ஒருநாள் அந்தப் பானையைப் போட்டு உடைத்துவிட்டு வெளியே வந்தாள். ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிக்கு வெளியே, ஒரு பழைய நெல் கிடங்கைப் பிடித்துத் தானே பள்ளிக்கூடம் வைத்தாள். மிஷனும் கிடையாது, துரையும் கிடையாது. துணைக்கு தைரியராஜ் வாத்தியார் மட்டும். ஒன்பது பிள்ளைகளோடு ஆரம்பித்தது, இப்போது நாற்பத்திரண்டு.

வளர்ந்து என்ன? ஜூன் மாதத்துக்குள் அங்கீகாரம் வராவிட்டால் அஞ்சாம் வகுப்பு முடிக்கிற ஏழு பேரின் சர்டிபிகேட்டும் செல்லாது. ஹைஸ்கூலில் சேர்க்க மாட்டார்கள். சேரி பிச்சமுத்துவின் மகள் செல்லக்கண்ணுவும் அந்த ஏழில் ஒருத்தி.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து கடுதாசியைப் பிரித்தார். "எட்டுக் குத்தம் எழுதியிருக்கு. ஒண்ணு, முப்பது பிள்ளைகூடத் தேறாதாம்."

"எண்ணிக்குங்க."

எண்ணினார். ஓரத்தில் பென்சிலால் 'பொய்' என்று எழுதினார்.

"ரெண்டு, டிரெயினிங் ஆன டீச்சர் இல்லையாம்."

டிரங்குப் பெட்டியைத் திறந்து இரண்டு சர்டிபிகேட்டையும் எடுத்து நீட்டினாள். பொய்.

ஆஜர் பட்டியல் இல்லை என்பதும் பொய். கரும்பலகை இல்லை என்பதும் பொய்.

"அஞ்சு, காத்தோட்டம் இல்லை. ஆறு, கூரை சரியில்லை."

ரெண்டு பெரிய ஜன்னலையும் புதுசாக வேய்ந்த ஓடுகளையும் காட்டினாள். அதெல்லாம் வந்ததே ஒரு வயிற்றெரிச்சலில்தான். பின்சுவருக்கு அந்தப் பக்கம் சக்ரபாணி ஐயங்கார் வீட்டுக் கொல்லை. பென்ஷன் வாங்கின ஹெட்கிளார்க். வாரம் தவறாமல் ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவார். கிடங்கு நாற்றம் தாங்கவில்லை, ஜன்னல் வைக்கவும். ஓடு உடைந்து கொல்லையில் விழுகிறது, மாற்றவும். மனுஷன் வாயை அடைக்கவே கைவளையலை விற்று இரண்டையும் செய்தாள்.

ஏழு, விளையாட இடமில்லை. அதுவும் பொய்.

"எட்டு, குடிதண்ணி இல்லை." இன்ஸ்பெக்டர் மூலையிலிருந்த பானையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "எல்லாருக்கும் ஒரே பானையா?"

"ஒண்ணேதான் சார். ரெண்டு வைக்கிற இடத்திலேருந்துதான் வந்திருக்கேன். அதுக்காக அங்கீகாரம் கிடையாதுன்னா, அதையும் எழுதிட்டுப் போங்க."

அவர் பென்சிலை உருட்டினார். "தண்ணி இருக்கான்னுதான் கேட்டிருக்கு. இருக்கு." எழுதினார். "புகார் வந்தா ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதியாகணும். எட்டும் இங்கே சரியா இருக்குன்னு நானே எழுதினப்புறம் உங்க விண்ணப்பத்தை எந்த முகத்தோட நிறுத்தி வைக்கிறது? அடுத்த வாரம் ஆர்டர் வரும்."

தைரியராஜ் சிரித்தார். "கெடுவான் கேடு நினைப்பான்."

அற்புதம்மாள் சிரிக்கவில்லை. அவள் கண் கடுதாசியில் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு மடித்து விட்ட ஓரம், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வட்டம். வாரம் தவறாமல் வருகிற துண்டுச் சீட்டிலும் அதே மடிப்பு, அதே வட்டம்.

சாயங்காலமே கிளம்பிவிட்டாள். சித்திரை வீதியில் அவள் நடந்தபோது ஜன்னலுக்கு ஜன்னல் தலை தெரிந்தது. தெரியட்டும்.

சக்ரபாணி ஐயங்கார் வாசலில் உட்கார்ந்து குடைக்கம்பிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மொட்டைக் கடுதாசி நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்."

இல்லை என்பார், பிடித்து உலுக்கலாம் என்று வந்தவளுக்கு அந்த 'ஆமாம்' இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கொட்டிவிட்டாள்.

"வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? எட்டு எழுதினீங்க, எட்டும் பொய்யாப் போச்சு. நாளைக்கு ஒன்பதாவது எழுதுங்க, பத்தாவது எழுதுங்க. என் உயிர் இருக்கிற வரைக்கும் அந்தக் கதவை மூட மாட்டேன்."

"மெதுவாப் பேசுங்கோ, டீச்சரம்மா." அவர் வீதியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "தெருவே திரண்டு வந்து, பள்ளிக்கூடத்தை மூடறாப்பல ஒரு பெட்டிஷன் எழுதும் ஓய்னா. எழுதிட்டேன். முப்பது வருஷம் அந்த இன்ஸ்பெக்டர் ஆபீஸ்லயே குப்பை கொட்டினவன். விண்ணப்பம் வந்தா கட்டி வைப்பா. மொட்டைக் கடுதாசி வந்தாத்தான் ஓடி வருவா."

அற்புதம்மாளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அந்தச் செல்லக்கண்ணு பதினாறாம் வாய்ப்பாடு சொல்றது தினம் கொல்லைல கேக்கறது. நன்னாச் சொல்றா, ஹைஸ்கூல் போகட்டும். ஜன்னலும் ஓடும் சரியாகட்டும்னுதான் இத்தனை நாள் காத்துண்டிருந்தேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஒன்பதாவது எங்கேருந்து எழுதறது? அங்கீகாரம் கொடுக்க சர்க்கார் ரூலே எட்டுதானே."