ஒரே இருக்கை

காலை ஒன்பது இருபது. பந்தயத் திடலின் கொட்டகையில் டயர்கள் சூடேற்றும் உறைக்குள் கிடக்கின்றன. அண்ணன், தம்பி இருவரும் ஒரே நிறுவனத்துக்காகப் பந்தயம் ஓட்டுபவர்கள். அடுத்த வருடம் நிறுவனம் ஒரே வண்டியைத்தான் ஓட்டப்போகிறது, அது தம்பிக்கு. மெக்கானிக் அண்ணனின் இருக்கை நுரையைக் கத்தியால் சீவுகிறார். ஏழு வருடம் அவன் உடம்பு பதிந்த பள்ளம் துணுக்குத் துணுக்காகத் தரையில் விழுகிறது. “உங்கண்ணன் உக்காந்தா வண்டியே பெருமூச்சு விடும். இதைச் சீவிட்டு உனக்கு ரெண்டு விரல் கனமாப் புது நுரை ஒட்டணும்,” என்கிறார் தம்பியிடம். தம்பி வெட்கப்பட்டுச் சிரிக்கிறான். அண்ணனும் சிரித்து வைக்கிறான். தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகுகிறான், மூடுகிறான், குடிக்கவில்லை. மூன்றாம் வளைவில் எல்லாரையும்விடத் தாமதமாகப் பிரேக் பிடித்து முந்தும் இடம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். மிச்சமிருப்பது அதுதான். புது நுரை ஒட்டிய இருக்கையில் தம்பி குனிந்து உட்கார்ந்து பார்க்கிறான், நிமிர்கிறான். “அண்ணா, மூணாவது வளைவுல நீ எந்த இடத்துல பிரேக் பிடிப்பே?”