அந்த இடத்து ரோமம்

கிடா அவளைப் பார்த்தது. அவள் வேலியைப் பார்த்தாள்.

ஆட்டுக்காரம்மா டீ போட உள்ளே போயிருந்தாள். "யாரு, தூண்டில்காரர் சம்சாரமா? உக்காரும்மா" என்றதோடு சரி. எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்திருந்தாள். உங்க கிடாவோட ரோமம் கொஞ்சம் வேணும். அதுவரை சிரமமில்லை. எந்த இடத்து ரோமம் என்கிற இடத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவள் கணவர், ஓடையில் ஈயைத் தாவிப் பிடிக்கிற ட்ரவுட் மீனை ஏமாற்றித் தூண்டிலில் சிக்கவைக்கப் பொய் ஈ கட்டுகிறவர். மெழுகு தடவிய நூலில் ரோமத்தைத் திரித்துத் தூண்டில் முள்ளில் சுற்றினால் ஈயின் உடம்பு வந்துவிடும். கட்டுவது அவர், ரோமம் கலப்பது அவள். முயலின் காதோரத்து ரோமம், எதிர்வீட்டு மஞ்சள் நாயைச் சீவியெடுத்தது, சிவப்புக் கம்பளி ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, பிழிந்து, செய்தித்தாளில் உலர்த்துவாள்.

நாலாவது சரக்கு மட்டும் அவர் பொறுப்பு. செம்மறிக் கிடாவின் பின்னங்கால்களுக்கு நடுவே வளர்வது. அங்கேதான் எண்ணெய்ப் பசை அதிகம், தண்ணீர் ஒட்டாது, லேசாக ஒரு ரோஜா நிறமும் ஏறியிருக்கும் என்பது பழைய கைப்பக்குவம். குறிப்பு நோட்டில்கூட 'கிடா, அ.இ.' என்றுதான் எழுதியிருந்தார். கல்யாணமான புதிதில் அது என்ன அ.இ. என்று கேட்டாள். "அந்த இடம்" என்று கூரையிடம் சொன்னார்.

பதினோரு வருடமாக, மீன்பிடி சீசனுக்கு முன்னால் அவரே இந்த மேட்டு ஆட்டுப்பட்டிக்குப் போய் வாங்கி வருவார். "அது பொம்பளைங்க கேக்கற சமாச்சாரம் இல்ல" என்பார். கடைக்கு வருகிற ஆண்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி ரகசியத்தைச் சொல்வார். அவர்கள் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு, ஒரு டஜனுக்கு வந்தவர்கள் இரண்டு டஜன் வாங்கிப் போவார்கள்.

நனைந்தால்தான் ரோமத்தின் உண்மையான நிறம் தெரியும். அதனால் அவர் ஒரு சிட்டிகையை நாக்கில் தொட்டு வெளிச்சத்தில் பிடிப்பார். அந்த நேரத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தொழில் பக்தி என்றால் இப்படியுமா என்று தோன்றும்.

இந்த வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறார். அடுத்த வாரம் சீசன். மீன்பிடிச் சங்கம் ஆறு டஜன் கேட்டிருக்கிறது. நிறம் ஒரு பிசகு பிசகினாலும் பக்கத்து ஊர்க்காரனிடம் போய்விடுவார்கள். நான் போய் வாங்கிட்டு வரேன் என்று அவள் சொன்னதும் அவர் முகம் வெளிறியது. கால் வலி என்று நினைத்தாள்.

டீ வந்தது. அவள் மழையைப் பற்றிப் பேசினாள். ஆட்டுக்காரம்மாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தாள். டம்ளர் காலியானது. இனி ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை.

"வருஷா வருஷம் இவரு வாங்கிட்டுப் போவாரே, அந்த ரோமம்..."

"எங்கம்மா வாங்குனாரு?" ஆட்டுக்காரம்மா சிரித்தாள். "வருவாரு. டீ குடிப்பாரு. மழை எப்படின்னு கேப்பாரு. எதையோ கேக்கப்போற மாதிரி எந்திரிச்சு நின்னு தொண்டையைச் செருமுவாரு. அப்புறம் வரேம்மான்னுட்டு, போற போக்குல அந்தக் கம்பியில சிக்கிக் கெடக்கறதக் கிள்ளிப் பையில போட்டுக்குவாரு. பாவம், கூடு கட்டற குருவியாட்டம். நானும் பாக்காத மாதிரி உள்ள போயிடுவேன்."

அவள் எழுந்து வேலியருகே போனாள். ஆடுகள் முதுகை உரசிப் போன இடமெல்லாம் ரோமம் சிக்கியிருந்தது. எண்ணெய்ப் பசையோடு. கம்பியின் துரு ஏறி, லேசான ரோஜா நிறத்தில்.

சிரிப்பு வந்தது. பின்னாலேயே வேறு எதுவோ வந்தது.

பதினோரு வருடமாக அவர் அவளிடம் சொல்லாத சொற்கள் சில உண்டு. அவருக்குள் அப்படி எதுவும் கிடையாது என்று முடிவு கட்டி, அதற்கேற்ற மாதிரி வாழப் பழகியிருந்தாள். தொண்டை வரை வந்து, செருமிவிட்டு, வேலியோரமாகவே திரும்பிப் போன சொற்களாகவும் அவை இருக்கலாம் என்று இதுவரை தோன்றியதில்லை.

"ஒனக்கு எந்த எடத்து ரோமம் வேணும், சொல்லு. கிடாவப் புடிச்சித் தரச் சொல்றேன்."

இப்போது அந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே இருந்தது. கூச்சமே இல்லை. கிடா மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தது.

"இதுவே போதும்மா" என்று கம்பியிலிருந்து கிள்ள ஆரம்பித்தாள்.

வீட்டில் அவர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு சிட்டிகையை நாக்கில் தொட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இதேதான்" என்றார். பிறகு கூரையைப் பார்த்தார். "அந்தம்மாகிட்ட எப்படிக் கேட்ட?"

அவள் சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள்.

"நீங்க கேக்கற மாதிரியேதான்."

அவர் கையிலிருந்த சிட்டிகையைப் பொட்டலத்திலேயே வைத்தார். அப்புறம் அவர் தொண்டையைச் செருமினார்.

அவள் பாட்டிலைக் குலுக்காமல் நின்றாள்.