தாடையில் ஒரு கோடு

மகளுக்குப் பல் சுத்தம் செய்யத்தான் வந்திருந்தோம். எக்ஸ்ரேயில், தாடை எலும்பு எப்போதோ உடைந்து கூடிய தடம் தெரிந்தது.

"மாப்பிள்ளை அடிச்சாராடி?" என்றேன்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"அடிச்சு உடைஞ்சதுன்னு எழுதிக் குடுங்க டாக்டர், உங்க கால்ல விழறேன். இவளை இனி அந்தப் பாவிகிட்ட அனுப்ப மாட்டேன்."

டாக்டர் தயங்கினார். "இது பழைய அடிம்மா. அப்ப உள்ளே வளர்ந்துட்டிருந்த பல்லும் கோணிப்போயிருக்கு. பால்பல் விழற வயசுல உடைஞ்சிருக்கணும்."

வெறும் வீக்கம் என்று நினைத்துத்தானே அன்று ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன்.

"யார் கேட்டாலும் அப்பா பேரைச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினியே," என்றாள் மகள். "இப்பச் சொல்லட்டுமாம்மா?"