வாழையடியில் கொட்டிய கனல்

அவள் உள்ளங்கையை மண்ணில் வைத்தாள்.

சுட்டது.

வெயிலில் காய்ந்த சூடு இல்லை. வெயில்தான் ஒரு வாரமாக இல்லையே. புகைமூட்டத்துக்குப் பின்னால் சூரியன் எங்கேயோ கிடந்தது. பாலர் பள்ளிக்குக்கூட விடுமுறை விட்டிருந்தார்கள்.

மூன்று நாளாகப் பூனை இந்த வாழையடியிலேயே கிடந்தது. கிழட்டுப் பூனை. சூடான இடமாகத் தேடிப் படுக்கும். சோற்றுப் பானை இறக்கிய இடம், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்பக்கம், அப்படி. இப்போது அதைத் துரத்திவிட்டு, என்னதான் இருக்கிறது இங்கே என்று சும்மா தொட்டுப் பார்த்தாள்.

தொட்டதும் நினைவு வந்துவிட்டது.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போட்டாள். கொட்டாங்கச்சிக் கனல் கொஞ்சம் மிஞ்சியது. வாழையடியில் கொட்டி, இரண்டு கை மண் அள்ளி மூடினாள். அம்மா வீட்டில் அப்படித்தான். அது ரப்பர்த் தோட்டத்துச் செம்மண். போட்டால் நெருப்பு செத்துவிடும்.

இங்கே மண்தான் விறகு.

எண்ணெய்க்காகச் செம்பனை நடுகிற இந்தத் தோட்டத்துக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. வந்த அன்றே புருஷன் லோகநாதன் படித்துப் படித்துச் சொன்னான். இது மண்ணே இல்லை. ஆயிரக்கணக்கான வருஷம் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்த மரமும் வேரும். செம்பனை நடுவதற்குக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார்கள். பற்றினால் அடியிலேயே ஓடும், மேலே ஒன்றும் தெரியாது, கால் வைத்தால் உள்ளே வாங்கிவிடும்.

போன வாரம் ஓர் அதிகாரி பெட்டியோடு வந்து புகையை அளந்தாராம். அத்தனை வருஷம் சேர்ந்த கரி ஒரே மாதத்தில் ஆகாயத்துக்குப் போகிறது என்றாராம். அதையும் சொன்னான். அவள் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே உம் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் பக்கத்துத் தோட்டத்தில் தீ அணைத்துக்கொண்டிருக்கிறான்.

அவள் எழுந்து பின்வாசல் படிக்கு நகர்ந்தாள். மெதுவாக.

காற்று இல்லை. வாழை சாய்ந்தது.

அப்படியே படுத்துவிட்டது. அடியில் வேர் என்று ஒன்றும் இல்லை. இருந்த இடத்தில் ஒரு குழி. குழிக்குள் சிவப்பு.

குழிக்கு அந்தப் பக்கம் மூத்தவன் தர்வின்.

ஐந்து வயது. காய்ந்த கால்வாய் ஓரம் டப்பாவில் நத்தை ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தவன் எழுந்துவிட்டான். பயந்தால் நேரே அவளிடம்தான் ஓடி வருவான்.

கத்த வாயெடுத்தாள். கத்தினால் ஓடி வருவான்.

"தம்பி, சிலை."

அது அவர்கள் விளையாட்டு. சொன்னால் அசையக் கூடாது. பத்து எண்ணுவதற்குள் சிரித்துத் தோற்றுப்போவான். எப்போதும்.

நின்றான்.

"ஒன்னு."

சுவரோரம் லோகநாதன் சாய்த்து வைத்திருந்த பலகைகள் இரண்டு. தீ அணைக்கும் ஆட்கள் பலகை போட்டுத்தான் எரியும் நிலத்தில் நடப்பார்கள். ஒன்றைக் குழியை விட்டு விலக்கிப் போட்டாள். அதன் மேல் நடந்து மற்றதைப் போட்டாள்.

எண்ணிக்கொண்டே போனாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கினால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

பன்னிரண்டில் பலகை ஒரு பக்கம் அமுங்கியது. விளிம்பில் புகை வந்தது.

"பதிமூணு."

"அம்மா, காலு சுடுதும்மா."

உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னான். தோற்கக் கூடாதே.

"இன்னும் கொஞ்சம்தான் சாமி. இன்னிக்கு நீதான் ஜெயிக்கப் போற."

பத்தொன்பதில் அவன் கை எட்டியது. அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவனுடைய ரப்பர்ச் செருப்பு ஒன்று மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

வந்த பலகை மேலேயே திரும்பினாள். பின்வாசல் சிமெண்டுப் படி காலில் பட்டபிறகுதான் மூச்சு வந்தது.

அழுதாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நான் ஜெயிச்சிட்டேன்" என்றான். ஆமாம் என்றாள். தப்பித்தோம் என்று நினைத்தாள். லோகநாதனுக்குப் போன் போட வேண்டும். கனல் கொட்டியதையும் சொல்லிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும்.

போனை எடுக்கக் கூடத்துக்குப் போனாள்.

பாப்பா தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

தொட்டிலுக்கு நேர் கீழே, வெறும் சிமெண்டுத் தரையில், பூனை சுருண்டு படுத்திருந்தது.